உன் அண்ணன் சொல்லாத வாக்கியம்

அன்புள்ள மகனுக்கு,

நேற்று முற்பகல் சுன்னாகம் தபாற்கந்தோரிலிருந்து நான் அனுப்பிய தந்தி உன் கைக்கு வந்திருக்கும். காய்ச்சலோடு வகுப்புக்கு வரும் மாணவனை உடனே வீட்டுக்கு அனுப்பு, வைத்தியரிடம் காட்டச் சொல், அவனைப் பரீட்சைக்கு வரவிடாதே என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. காரணத்தைத் தந்தியில் எழுத இயலாது. அதை எழுதுவதற்கே இக்கடிதம். இது கப்பலேறி மலாயாவில் சிரம்பானுக்கு வந்து சேரப் பத்து நாளுக்கு மேலாகும். அதுவரை காரணம் தெரியாமலே நீ என் சொற்படி நடந்திருப்பாய் என்று நம்புகிறேன். காரணம் தெரிந்த பின்னர் என் சொல் எதையேனும் மதிக்க உனக்கு மனம் வருமா என்பதை நான் அறியேன்.

உன் கடிதம் மகிழ்ச்சியோடு எழுதப்பட்டது. ஆசிரியனாய் இது உனக்கு முதல் ஆண்டு. கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சைக்குச் செல்லும் வகுப்பு உன் பொறுப்பில் இருக்கிறது. உன் பெட்டியில் பத்திரமாய் வைத்திருக்கும் பத்திரிகைத் துண்டை, உன் அண்ணன் நடேசனுடைய சரித்திரத்தை, அவர்களுக்கு வாசித்துக் காட்டினாய். அதைக் கேட்ட மாணவன் ஒருவன் மூன்று நாள் காய்ச்சலோடு வகுப்புக்கு வந்தான். அவனை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, "இவன் என் அண்ணனைப் போன்றவன்" என்று புகழ்ந்தாய். பரிசளிப்பு விழாவிலும் அச்சரித்திரத்தை முழுமையாக வாசிக்கப் போவதாகவும், அதில் பிழை ஏதும் இருந்தால் நான் திருத்தி அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். பிழை பார்ப்பதில் உன் ஐயாவை மிஞ்சியவர் யாழ்ப்பாணத்தில் இல்லை என்று விளையாட்டாகவும் ஒரு வரி சேர்த்திருந்தாய். பிழை இருக்கிறது. அச்சரித்திரத்தின் நடுவில் உள்ள வாக்கியம் பொய். அதை எழுதியவன் நான்.

நம் வீட்டுச் சனிக்கிழமைகள் உனக்கு ஓரளவு நினைவிருக்கும். வாரப் பத்திரிகை வரும். அதில் "முயன்று உயர்ந்தோர்" என்னும் பகுதியில் ஒவ்வொரு வாரமும் ஒருவருடைய வாழ்க்கை வெளியாகும். அதை நான் உரத்து வாசிப்பேன். நீங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள், அந்த வாழ்க்கையிலிருந்து நீங்கள் பெற்றுக்கொண்டது யாது என்பதைக் கொப்பியில் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். நான் சிவப்பு மையால் குறிப்பு எழுதுவேன். நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு முதலியார். சாட்சி தமிழில் சொல்வதைக் கூட்டாமலும் குறைக்காமலும் நீதவானுக்கு ஆங்கிலத்தில் சொல்வது என் தொழில். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். பத்திரிகையையும் விடவில்லை. ஒரு பெரியவர் நாள்தோறும் ஐந்து மைல் நடந்து படித்தார் என்று வெளியானபோது, அந்த வழியை நானே நடந்து பார்த்து, நான்கு மைலுக்கும் குறைவு என்று பத்திராதிபருக்கு எழுதினேன். அவர் அதை அச்சிட்டு நன்றியும் தெரிவித்தார். அக்காலத்தில் எனக்கு அதைவிடப் பெருமை வேறு இருக்கவில்லை.

உன் அண்ணன் வேறு விதமாக வாசித்தான். ஒருநாள் நான் வாசித்து முடித்ததும், "ஐயா, உந்தப் பெரிய மனுசர் எல்லாரும் கால்நடையாய்த்தானோ பள்ளிக்கூடம் போனவை? ஒருத்தரும் கரத்தையிலை போகேல்லையோ?" என்று கேட்டான்.

"கரத்தையிலை போனவன் பேப்பரிலை வரமாட்டான்" என்றேன்.

"அப்ப கந்தற்றை மாட்டை வித்துப்போடச் சொல்லுவம். ஊர் முழுக்க முன்னுக்கு வந்திடும்."

தன் மாட்டுக் கரத்தையில் நம்மைப் புகையிரத நிலையத்துக்கு ஏற்றிச்செல்லும் வண்டிக்காரக் கந்தரைத்தான் சொன்னான். அடுப்படியில் இருந்த உன் அம்மா சிரித்தாள். பொருள் விளங்காமலே நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஆற்றை நீந்திக் கடந்து படித்த ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றி அவன் கொப்பியில் எழுதியது இது: "இவருடைய ஊரில் பாலம் கட்டாமல் விட்டவர்கள் யார் என்பதையும் பத்திரிகை எழுதியிருக்கலாம்." அதன் கீழ் நான், "பொருந்தாத விடை" என்று எழுதினேன். அந்தக் கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. பொருந்தாத விடை என்று நான் குறித்தவற்றை நேற்று இரவு முழுவதும் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவை யாவும் வாழ்க்கையைப் பற்றிய கேள்விகள். பொருத்தமானவை என்று நான் குறித்தவை யாவும் எனக்குப் பிரியமான சொற்களை எனக்கே திருப்பித் தந்தவை.

அவன் சீனியர் பரீட்சைக்குச் செல்ல இருந்த ஆண்டின் ஐப்பசி மாதத்தில் ஒருவருடைய வாழ்க்கை வெளியாயிற்று. கடுங்காய்ச்சலில் ஈரத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு பரீட்சை எழுதி, முதல்வனாகத் தேறிய ஒருவர். அது எனக்கு மிகவும் பிடித்தது. உடல் நம் வேலையாள், அவனிடம் உத்தரவு கேட்டு நிற்பவன் எசமானாய் இருக்கத் தகுதியற்றவன் என்று பத்திராதிபருக்குக் கடிதம் எழுதினேன். அதுவும் அச்சாயிற்று. நடேசன் கொப்பியில் இரண்டே வரி எழுதினான்: "காய்ச்சலோடு எழுதித் தேறியவரைப் பற்றிப் பத்திரிகை எழுதிவிட்டது. காய்ச்சலோடு எழுதித் தேறாதவர்களைப் பற்றி யார் எழுதுவார்?" அதன் கீழே என் சிவப்பு மை, "சோம்பலுக்கு நியாயம் தேடுகிறாய்" என்கிறது.

பரீட்சை மார்கழியில் தொடங்கியது. அந்த ஆண்டு மழை ஓயவில்லை. முதல் நாள் எழுதிவிட்டு வந்தவனுக்கு உடம்பு சுட்டது. உனக்கும் தொற்றிவிடும் என்று அன்று மாலையே உன்னைப் புத்தூரில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினோம். ஆகவே பின்னர் நடந்த எதையும் நீ பார்க்கவில்லை. பத்திரிகையில் வந்ததைத்தான் பார்த்தாய். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அவன் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமற் போய் எழுதினான். நான்காம் நாள் காலையில் நான் எழுப்பப் போனபோது பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தான். சுவரில் சாய்ந்திருந்தான்.

"ஐயா, இண்டைக்கு ஏலாது. தலையை நிமித்த ஏலாமல் கிடக்கு. சோதினையை வாற வருசம் எழுதுறன்" என்றான்.

"காய்ச்சல் எண்டு இண்டைக்குப் படுக்கிறவன் வாற வருசமும் ஏதோ ஒண்டைச் சொல்லிப் படுப்பான். எழும்பு. எழுதிப்போட்டு வந்து படு" என்றேன்.

"உண்மையாய் ஏலாது, ஐயா."

"அந்த மனுசன் ஈரத்துணியைத் தலையிலை கட்டிக்கொண்டு எழுதினவர். உனக்கு மட்டும் என்ன வந்தது?"

அவன் சுவரில் கையை ஊன்றினான். பின்பு, "அப்ப எனக்கும் ஒரு துணி நனைச்சுத் தாங்கோ" என்று சொல்லி எழுந்தான். உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. அதை நான் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு முறை இயலாது என்று சொன்னான். இரண்டு முறையும் என் காதில் தெளிவாக விழுந்தது. நீதிமன்றத்தில் ஒரு சாட்சி இவ்வளவு தெளிவாகப் பேசினால் எங்களுக்கு வேலை எளிது.

வாசற் படலையில் வண்டி நின்றது. ஏறுவதற்குக் கை கொடுத்த கந்தர் திடுக்கிட்டு, "முதலியார், பெடியன்ரை கை கொதிக்குது. வண்டிலைத் திருப்பட்டோ?" என்றார்.

"நீர் ரெயிலுக்கு நேரத்துக்குக் கொண்டுபோய் விடும்."

"ரெயிலை நான் பிடிச்சுத் தருவன். பெடியன் தாங்குவனோ எண்டுதான் கேக்கிறன்."

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். வண்டிக்காரர் ஒருவரின் அபிப்பிராயத்தை நான் கேட்கவில்லை என்பது அப்போது என் எண்ணம். புகையிரதத்தில் என் தோளில் சாய்ந்தே வந்தான். பரீட்சை மண்டப வாயிலில் அவனை விட்டுவிட்டு நீதிமன்றம் போனேன். அன்று ஒரு காணி வழக்கு. சாட்சி சந்தேகமாகச் சொன்ன ஒன்றை வழக்கறிஞர் உறுதியாகச் சொன்னதாக எடுத்தாண்டபோது நான் எழுந்து அதைத் திருத்தினேன். நீதவான் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு முடியுமுன்னே பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கதவடியில் நின்றான். மகன் மேசைமேல் மயங்கி விழுந்துவிட்டான். அன்று அவன் எழுதியிருந்தது அரைப்பக்கம்.

ஆசுபத்திரியில் வைத்தியர் அவனுடைய வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "இது நெருப்புக்காய்ச்சல், டைபாயிட். படுக்கையாலை எழும்பவே கூடாத வருத்தம். இவனை ஆர் இண்டைக்கு எழுப்பினது?" என்று என்னிடம் கேட்டார்.

"அவனேதான் எழும்பினவன்" என்றேன்.

என் வாழ்நாளில், நான் அறிந்தவரை, அது என் முதற்பொய். அதைச் சொல்ல எனக்கு முயற்சியே தேவைப்படவில்லை. ஒன்பதாம் நாள் உன் அண்ணன் இறந்தான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பத்திராதிபர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், உண்மையாகவே கண் கலங்கினார். "உங்கடை மகன்ரை சரித்திரம் எங்கடை பகுதியிலை வரவேணும். உங்களை விட்டால் அதைப் பிழையில்லாமல் எழுத ஆர் இருக்கினம்?" என்றார். நான் இரண்டு நாளில் எழுதிக் கொடுத்தேன். அதில் ஊர், வயது, பள்ளிக்கூடம் எல்லாம் சரி. ஆனால் இப்படி ஒரு பந்தி எழுதினேன்: "அன்று காலை அவன் தந்தை, 'இன்று வேண்டாம், அடுத்த ஆண்டு எழுதலாம்' என்று தடுத்தார். மகனோ, 'எழுதிவிட்டு வந்து படுப்பேன்' என்று கூறி எழுந்தான். கடைசிப் பக்கத்தின் கடைசி வரிவரை எழுதிய பின்னரே சாய்ந்தான்." நான் செய்தது என்ன என்று பார். பேச்சில் ஒரு சொல்லையும் புதிதாகப் புனையவில்லை. அவனுடைய சொல்லை எனக்கும், என் சொல்லை அவனுக்கும் கொடுத்தேன். அரைப்பக்கத்தைக் கடைசிப் பக்கமாக்கினேன். நான் இரக்கமுள்ள தந்தை ஆனேன். அவன் இறந்ததற்கு அவனே பொறுப்பானான், அதுவும் புகழோடு. காய்ச்சலோடு எழுதித் தேறாதவனைப் பற்றி யார் எழுதுவார் என்று அவன் கேட்டிருந்தான். அவனுடைய தந்தை எழுதினார். அவர் எழுதியது இப்படி.

பத்திரிகை வந்த அன்று அதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் இடையில் நிறுத்தி, "என்ரை பிள்ளை உப்பிடிச் சொல்லேல்லை" என்றாள்.

"அவனுக்கு ஒரு பேர் இருக்கட்டும்" என்றேன்.

"அவனுக்கோ?"

அதற்கு மேல் இந்தப் பதினொரு ஆண்டுகளில் அவள் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சனிக்கிழமைப் பத்திரிகையை வாங்கி, மடிப்பு அவிழ்க்காமல், என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். நானும் உரத்து வாசிப்பதை விட்டுவிட்டேன். அது துக்கத்தால் என்று நீ நினைத்தாய். அவள் முன் வாசிக்கத் துணிவில்லை என்பதே காரணம்.

அந்தச் சரித்திரத்துக்கு வாசகர்கள் எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு என்னிடம் உள்ளன. அழுதேன் என்று எழுதியவர்கள் உண்டு. தன் மகனுடைய கட்டிலுக்கு மேலே சுவரில் அதை ஒட்டியிருப்பதாக ஒரு தகப்பன் எழுதினார். எல்லாருக்கும் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினேன். அந்த மகன் பின்னர் என்ன ஆனான் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காததற்கு மறதி காரணம் அன்று. அஞ்சினேன்.

இனி உன்னைப் பற்றி. புத்தூரிலிருந்து திரும்பி வந்தபோது உனக்குப் பதினொரு வயது. பத்திரிகைத் துண்டைக் கேட்டு வாங்கி, ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்தாய். அதற்குப் பிறகு உனக்குத் தலைவலி வந்ததில்லை. அதாவது, வந்ததாக நீ எங்களுக்குச் சொன்னதில்லை. ஒருமுறை காலில் ஆணி ஏறிச் சீழ் பிடிக்கும்வரை மறைத்தாய். உன் அம்மா கால் கழுவும்போது கண்டுபிடித்தாள். "ஏன் சொல்லேல்லை?" என்று அவள் கேட்க, நீ, "அண்ணை சொன்னவரோ?" என்று திருப்பிக் கேட்டாய். நான் பக்கத்து அறையில் இருந்தேன். உள்ளே வந்து, "ஓம், சொன்னவன்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நீ நன்றாகப் படித்தாய், வகுப்பில் முதலாவதாக வந்தாய். பொய் பலன் தருகிறது என்று கண்டேன். பலன் தருவதை ஏன் கலைக்க வேண்டும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இன்றுவரை உன் கடிதங்களில் உனக்கு ஒரு நாளேனும் உடம்பு சரியில்லை என்ற செய்தி வந்ததில்லை. மலாயா நாட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் வராதா? உன் கடிதத்தை வாசித்த இரவு இதையும் நினைத்தேன்.

தந்தை மகனுக்குப் புத்திமதி சொல்வது வழக்கம். எனக்கு அந்த உரிமை எவ்வளவு மிச்சமுள்ளது என்று தெரியாது. ஆயினும் நீ ஆசிரியன்; பிறருடைய பிள்ளைகள் உன் கையில் இருக்கிறார்கள். ஒருவருடைய வாழ்க்கையைப் பத்திரிகையில் வாசித்தால், அதை எழுதியவர் யார், எழுதியதால் அவருக்கு என்ன கிடைத்தது என்று முதலில் கேள். வென்றவருடைய துன்பத்தை வாசிக்கும்போது, அதே துன்பத்தில் அழிந்தவர்களும் அன்று அதே மண்டபத்தில் இருந்தார்கள் என்று நினை. உன் மாணவன் இயலாது என்றால், அவன் சோம்பேறி என்று தீர்மானிக்கும் முன் அவனுடைய கையைத் தொட்டுப் பார். நான் அன்று தொடவில்லை. கந்தர்தான் தொட்டார். வகுப்பின் முன் நிறுத்தி ஒருவனை நீ புகழ்ந்தால், அடுத்தமுறை உட்கார வேண்டியிருந்தாலும் அவன் உட்காரமாட்டான். அந்த மாணவனிடம் நீயே போ. அவன் படுக்கையருகில் இருந்து, பரீட்சை ஒவ்வொரு ஆண்டும் வரும் என்று சொல். நீ புகழ்ந்தது தவறு என்றும் சொல். என் சார்பில் அல்ல. உன் சார்பில் சொல். பதினொரு ஆண்டுகளில் நான் செய்யத் தவறியதை நீ ஒரு நாளில் செய்துவிடலாம்.

இக்கடிதத்தை நீ மறைத்து வைக்க வேண்டியதில்லை. இதன் பிரதி ஒன்றைப் பத்திராதிபருக்கும் அனுப்புகிறேன். அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் அச்சிடும்படி கேட்டிருக்கிறேன். ஊரில் என்னைப்பற்றி என்ன பேசுவார்கள் என்பது தெரியும். இவ்வளவு காலம் என்னைப்பற்றிப் பேசியதைவிட அது உண்மையாய் இருக்கும். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிக்க வேண்டியவன் நீ அல்லன். சித்திரையில் ஊருக்கு வருவதாக எழுதியிருந்தாய். இதன் பின்னும் வருவாயா என்பதை நீயே தீர்மானித்துக்கொள். வராவிட்டாலும் உன் அம்மாவுக்கு எழுது. உடம்பு சரியில்லாத நாளில் எழுது.

இவ்வளவையும் எழுதி முடித்து, இன்று பின்னேரம் உன் அம்மாவை அழைத்து எதிரே இருத்தி முதலிலிருந்து வாசித்தேன். பதினொரு ஆண்டுகளுக்குப் பின் அவளுக்கு உரத்து வாசித்தேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, "ரண்டு தரம் சொன்னவன் எண்டு எழுதியிருக்கிறியள்" என்றாள்.

"ஓம்."

"மூண்டு தரம்."

நான் கடிதத்தைக் கீழே வைத்தேன்.

"நீங்கள் கோட்டுப் போட அறைக்குள்ளை போனியள். அவன் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, 'அம்மா, நீங்கள் ஒருக்கா ஐயாவிட்டைச் சொல்லுங்கோ' எண்டவன். நான் உங்களுக்குப் பயந்து வாய் திறக்கேல்லை. பால் பொங்குது எண்டு சொல்லிப்போட்டு அடுப்படிக்குப் போட்டன். அடுப்பிலை பால் இருக்கேல்லை."

வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. அவள் அதை எழுந்து பார்க்கவில்லை. நான் பேனாவை எடுத்து, "உதையும் எழுதட்டோ?" என்று கேட்டேன்.

"எழுதுங்கோ" என்றாள். "சின்னவன்ரை வகுப்பிலை படிக்கிற பெடியளுக்கும் தாய்மார் இருப்பினம்."

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

உன் தந்தை